ஆயிரம் வாட் சூடு

ஆயிரம் வாட் ஹாலோஜன் விளக்கின் எதிரில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது வெளிச்சம் தருகிற சாக்கில் அடுப்பு வேலையும் பார்க்கிறது என்று. சித்தூரில் எங்கள் நாடகக் குழுவிடம் அப்படிப்பட்ட விளக்குகள் ஒரு மூட்டை இருந்தன. தகரப் பெட்டி, முன்னால் கம்பி வலை, அதன் மேல் கலர் ஜெலட்டின் பேப்பர். ஸ்விட்சைப் போட்டதும் முதலில் ஒரு வாசனை வரும். போன நாடகத்தில் சேர்ந்த தூசியும், உள்ளே செத்துக் கிடந்த பூச்சிகளும் கருகுகிற வாசனை. மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அது வந்தால்தான் நாடகம் தொடங்கிய மாதிரி இருக்கும்.

அந்தக் குழுவில் என் வீட்டுக்காரர் ராஜபார்ட். நான் லைட். பகலில் அவர் மாம்பழக் கூழ் பேக்டரியில் லாரிகளை எடைபோடும் இடத்தில் இருந்தார், நான் வீட்டில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பழைய லைட்காரர் கல்யாணப் பந்தல்களில் நல்ல வேலை கிடைத்ததும் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போய்விட்டார். குழுவில் இருந்த ஆண்கள் எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு குமிழைத் திருகினால் வெளிச்சம் ஏறுகிறது, திரும்பத் திருகினால் இறங்குகிறது. தையல் மெஷினில் நூல் கோப்பதைவிடவா கஷ்டம் என்று போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு என்னை அங்கிருந்து எழுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை.

காணிப்பாக்கம் திருவிழா, பாகாலா ரயில்வே குடியிருப்பு, நகரி பக்கத்துக் கிராமங்கள் என்று எங்கெங்கோ ஆடினோம். பாதி வசனம் தமிழ், பாதி தெலுங்கு. கதையை நாங்களே உட்கார்ந்து எழுதிக்கொள்வோம், ஆனால் எல்லாக் கதையிலும் ஒரு ராஜா கண்டிப்பாக உண்டு. மார்கழிக் குளிரில் வேஷக்காரர்கள் முறை வராத நேரத்தில் விளக்குக்குப் பின்னால் வந்து குளிர் காய்வார்கள். ஒருமுறை ராணி தன் நனைந்த ரவிக்கையை விளக்கின் மேல் காயப்போட்டு அதில் பெரிய ஓட்டை விழுந்துவிட்டது. ராணி என்றால் ஆண்தான், மண்டல ஆபீசில் அட்டெண்டர். அந்த ஓட்டையை முந்தானையால் மூடிக்கொண்டே கடைசிவரை ஆடினார். அதையெல்லாம் நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

என் வீட்டுக்காரர் கண்ணில் கோளாறு இருப்பதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். சாப்பிடும்போது தட்டுக்கு நேராகப் பார்ப்பார், பக்கத்தில் இருக்கும் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடுவார். பொழுது சாய்ந்துவிட்டால் வாசற்படியில் தடுக்கும். "இன்னா மாமா, குடிச்சிக்கினு வந்தியா?" என்று நான் கிண்டல் செய்தேன். திருப்பதியில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினோம். பார்வை ஓரங்களிலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டே வருகிறது, மெதுவாகத்தான் வரும், ஆனால் போனது திரும்பாது என்றார் அவர். திரும்பும் பஸ் சந்திரகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் என் காதருகே குனிந்து, "நம்ம ஆளுங்களுக்குத் தெரியக் கூடாதுமே. தெரிஞ்சா ராஜா வேசத்த மந்திரி வேசக்காரனுக்குக் குடுத்துருவாங்க" என்றார். கண் போகிறது என்று ஒரு மனிதன் அழவில்லை, கிரீடம் போய்விடுமே என்று கலங்குகிறான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பேக்டரியில் பகல் வெளிச்சத்தில் எப்படியோ சமாளித்தார். மேடையில்தான் ஆபத்து. எதிரே விளக்கு அடித்தால் அவருக்கு ஒரே வெள்ளைப் புகையாகத் தெரியுமாம், விளிம்பு எங்கே, சிம்மாசனம் எங்கே என்று ஒன்றும் புரியாதாம். அப்போதுதான் நாங்கள் இரண்டு பேரும் அந்த வழியைப் பிடித்தோம். மேடையின் இரண்டு பக்கத்திலும் ஸ்டாண்டில் ஒவ்வொரு விளக்கு. இரண்டு கன்னத்திலும் சூடு சமமாகப் பட்டால் நடுவில் நிற்கிறார் என்று அர்த்தம். ஒரு கன்னம் அதிகம் சுட்டால் அந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டார். விளிம்போரம் தரையில் வரிசையாக வைக்கும் விளக்குகளின் அனல் முழங்காலில் உறைத்தால் அதற்குமேல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. எந்த ஊர் மேடையானாலும் ஸ்டாண்டுகளை ஒரே இடைவெளியில் வைப்பது என் பொறுப்பு. என் புடவையை நீளமாகப் பிடித்து அளந்துகொள்வேன். மற்றவர்கள் கேட்டால், "லைட்டு கணக்கு, உனக்குப் புரியாது" என்று வாயை அடைத்துவிடுவேன்.

நாடகத்துக்கு முன்னால் அவர் விளக்குகளைப் போடச்சொல்லி, கண்ணை மூடி, மேடையில் இப்படியும் அப்படியும் நடந்து பார்ப்பார். கையை நீட்டி ஒவ்வொரு விளக்கின் அனலையும் தொட்டுப் பார்த்துவிட்டு, எரியும் கண்ணில் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். இதைப் பார்த்த எங்கள் ஆட்கள் ராஜபார்ட் விளக்குக்கு ஆரத்தி ஒற்றிக்கொள்கிறார் என்று முடிவு கட்டினார்கள். அடுத்த ஊரில் மந்திரியும் செய்தார். அதற்கடுத்த ஊரில் ராணி, தளபதி, ஆர்மோனியக்காரர், தபேலாக்காரர் எல்லோரும் வரிசையில் நின்று விளக்கின் சூட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். புதிதாக வந்த ஒருவர் மறந்துபோய் மேடை ஏறினார், வசனத்தையும் மறந்தார். அவ்வளவுதான், அது எங்கள் குழுவின் மாறாத வழக்கமாகிவிட்டது. நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரிப்பை அடக்கிக்கொள்வோம்.

அந்த நாட்களிலேயே எல்இடி விளக்குகள் வரத்தொடங்கிவிட்டன. நான் அவற்றைத் திட்டமாட்டேன். ஜெனரேட்டர் தேவையில்லை, கோவில் லைனிலேயே எரியும். பல்ப் பட்டென்று வெடித்து எல்லோரையும் அலறவைக்காது. ஜெலட்டின் பேப்பர் கருகி நடுக்காட்சியில் பச்சை வனம் வெள்ளையாகிவிடாது. நியாயமாகச் சொன்னால் லைட் போடுகிறவளுக்கு அது வரம். ஆனாலும் நான் வாங்க விடவில்லை. "அந்த வெளிச்சத்துல மொகம் செத்துப்போவும்" என்று காரணம் சொன்னேன். குழுவில் என்னைப் பிடிவாதக்காரி என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு திருப்பதியில் ஒரு பெரிய அரங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. முன்பு ஒருமுறை அங்கே ஆடியிருக்கிறோம். அங்கிருந்த விளக்குகள் எங்களுடையதைவிடப் பெரியவை, சூடும் அதிகம். அதனால் எங்கள் மூட்டையைச் சித்தூரிலேயே விட்டுவிட்டு வேனில் கிளம்பினோம். போய் இறங்கினால் அரங்க மேனேஜர் எங்களைக் கையோடு மேடைக்கு அழைத்துப்போய் அண்ணாந்து காட்டினார். மேலே, பக்கத்தில், விளிம்பில் எல்லாம் புது எல்இடி. மனிதர் தன் பெண்ணின் கல்யாணத்தைக் காட்டுகிற மாதிரி பூரித்துப்போய்த் தெலுங்கும் தமிழுமாகப் பேசினார்.

"சூடண்டி அம்மா, எந்த சல்லகா உந்தோ! எவ்ளோ குளிர்ச்சி பாருங்க. கரெண்டு பில்லு பாதிக்கு மேல கொறஞ்சி போச்சி. ஏசிகூட முன்ன மாதிரி ஓட வேண்டியதில்ல."

எங்கள் ஆட்கள் வழக்கம்போல வரிசையாகப் போய்ப் பக்கத்து விளக்கில் கையை நீட்டினார்கள். ஒற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. மந்திரி உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, சாமி ஜில்லுனு கீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் அந்த விளக்கின் முன்னால் கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தால் சூடு வரும் என்று நம்புகிறவர் போல நின்றார்.

மேனேஜரைத் தனியே பிடித்து, பழைய விளக்கு இரண்டு கிடைக்குமா என்று கேட்டேன். எல்லாவற்றையும் கழித்துவிட்டோம், இனி அந்த லோடுக்கு இங்கே அனுமதியே இல்லை என்றார். எதற்கு என்று கேட்டார். பழக்கதோஷம் என்றேன்.

வேஷ அறைக்கு வெளியே என் வீட்டுக்காரரை இழுத்துவைத்துச் சண்டைபோட்டேன். "இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிடு மாமா. மேடை ஒரு ஆளு ஒசரம் கீது. விழுந்தா என்னாவறது?"

"அடி எண்ணி நடக்கறேன்மே. இவ்ளோ பெரிய ஊரு, இவ்ளோ ஜனம். இந்த ஒரு ஆட்டத்த ஆடிட்டுப் போறேன்."

"கடைசில கத்திய வீசிக்கினு சுத்துவியே. சுத்துனா தெச போயிடும்."

"சுத்தாம எந்த ராஜா சண்ட போட்டான்?"

இந்த மனிதரோடு பேசி ஜெயிக்க முடியாது. மதியம் முழுக்க அவர் அடி எண்ணி நடந்து பழகினார். நான் அரங்கத்தின் பின்கோடியில் மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து புதிய பலகையைப் பழகினேன். குமிழ் கிடையாது, வரிசையாகத் தள்ளும் விசைகள். விரலால் தொட்டால் போதும், எந்த மூலையிலும் எந்தக் கலரும் சத்தமில்லாமல் வந்து நின்றது. எவ்வளவு அழகான வேலைப்பாடு! அன்றைக்கு மட்டும் அதை ரசிக்க எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் நாடகம் ஆரம்பித்தது. அவர் சரியாக நடந்தார், சரியாக நின்றார். சிம்மாசனத்தில் தடவாமல் உட்கார்ந்தார். ஒவ்வொரு காட்சி முடியும்போதும் நான் மூச்சு விட்டேன். கடைசியில் அந்தச் சண்டை வந்தது. தளபதியோடு மோதி, கத்தியை வீசி, சுற்றினார். ஒரு சுற்று போதும், அவர் கைதட்டல் கேட்டதும் இன்னொன்று சுற்றினார். தளபதி விழுந்து செத்து உள்ளே போனார். ராஜா தனியாக முன்னால் வந்து, தன்னால் சீரழிந்த ஜனங்களிடம் மன்னிப்புக் கேட்டுப் பேச வேண்டும். அவர் திரும்பினார், இரண்டு அடி வைத்தார், நின்றார். எதிரே இருந்தது ஜனம் அல்ல. பக்கத்துத் திரைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, அங்கேதான் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக் கையை விரித்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். முன்பக்க விளக்குகளின் விசைகள் மொத்தத்தையும் கீழே இழுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பக்கத்து விளக்கை மட்டும் மெல்ல ஏற்றினேன். மேனேஜர், "அம்மா, ஏமிடிதி? இது சீன்ல இல்லயே" என்று பதறினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். மேடை முழுக்க இருட்டு, ராஜாவின் பக்கவாட்டு முகத்தில் மட்டும் மஞ்சள் கோடு. ஜனங்களின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுத் திரும்பி நின்று பேசுகிற ராஜாவாக அவர் ஆகிவிட்டார். அரங்கம் அப்படியே அடங்கியது. பழைய விளக்காக இருந்திருந்தால் அதை அத்தனை சீக்கிரம் என்னால் செய்திருக்கவே முடியாது. பேச்சு முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என்னையும் மீறி எனக்கு அழுகை வந்தது.

திரை விழுந்ததும் ஓடினேன். வேஷ அறையில் அவர் மட்டும் உட்கார்ந்து தேங்காய் எண்ணெயால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வெளியே பாராட்டு வாங்கிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"சரியா நின்னேனா?" என்றார்.

"சூப்பரா நின்ன மாமா. கைதட்டுன சத்தம் கேக்கலியா?"

"கேட்டிச்சி." துணியைக் கீழே வைத்தார். எண்ணெய்க் கையால் வலது காதைத் தொட்டுக் காட்டினார். "இந்தக் காதுல மட்டுந்தான்மே கேட்டிச்சி."

ஜனம் எந்தப் பக்கம் இருந்தது என்று அந்தக் காதே அவருக்குச் சொல்லியிருந்தது. அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

"எல்லாரையும் உள்ள கூப்புடு" என்றார். "நானே சொல்லிடறேன். யார் யாரு வந்தாங்கன்னு மட்டும் நீ சொல்லிக்கினே வா."

கதவைத் திறந்து கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். நான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, அத்தனை வருஷமும் அவர் காதில் மட்டும் சொன்னதை முதல்முறையாக எல்லோர் காதும் கேட்கச் சத்தமாகச் சொன்னேன். "மந்திரி வந்துட்டாரு மாமா. ராணி வந்துட்டாரு. தளபதி கதவாண்ட நிக்கறாரு. ஆர்மோனியம் வந்துட்டாரு."

தபேலாக்காரர் வந்ததைச் சொல்லும்போது அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.