தலையில் படாத கை

மகள் ஸ்கூட்டரில் வேலைக்குக் கிளம்பும்போது, ஹெல்மெட் மாட்டுவதற்குமுன் அவள் தலையில் கைவைத்து ஜெபிப்பது என் வழக்கம். அன்று நேரமாகிவிட்டதென்று ஹெல்மெட்டோடே ஓடிவிட்டாள். எலக்ட்ரானிக் சிட்டி வரை லாரிகளுக்கு நடுவே போக வேண்டியவள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜெபித்தேன். கை தலையில் படவில்லையே என்ற உறுத்தல் மட்டும் போகவில்லை. நீலசந்திராவில் எங்கள் சந்துவரை ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஏதோ பாழாய்ப்போன மீட்டிங்காம், பிறகுதான் சொன்னாள்.

சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாள். "பாத்தியாம்மா, ஜெபம் பண்ணாமலே போனேன், ஒண்ணும் ஆகலையே! நாளையிலேருந்து இப்படியே கிளம்பிடட்டுமா?"

காலையிலிருந்து ரோட்டை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ரோடே பரவாயில்லை என்றாகிவிட்டது.