திண்டிவனத்துக் கடல்

லாரி ஓட்டுகிறவன் போனில் பொய் சொன்னால் அது ஒரு குற்றமே இல்லை என்பது பாக்கியராஜின் கட்சி. 'கிளம்பிட்டேன்' என்றால் ஆள் இன்னும் குளிக்கவில்லை. 'பக்கத்துல வந்துட்டேன்' என்றால் அப்போதுதான் சாவியைத் தேடுகிறான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் பாக்கியராஜ் சொன்ன பொய் கொஞ்சம் பெரிய சைஸ். அவர் ஒரு கடலையே பொய்யாகச் சொன்னவர்.

இருபது வருஷத்துக்கு முந்தைய சங்கதி அது. அப்போது அவர் ஒரு உருக்காலையிலிருந்து கம்பி லோடு ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்கும் கடலூருக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆலையின் டெஸ்பாட்ச் ஆபீசில் புதிதாக வந்து சேர்ந்தாள் சோனியா. பொதட்டூர்பேட்டைப் பெண், கடலை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. லாரிகள் எங்கே போய்க்கொண்டிருக்கின்றன என்று மணிக்கொரு தரம் போன் போட்டுக் கேட்டு எழுதிவைப்பது அவள் வேலை. ஒருநாள் அப்படிக் கேட்டவள், புதுச்சேரி போகிற வழியில் கடல் தெரியுமா என்றும் சும்மா கேட்டுவைத்தாள். பாக்கியராஜ் அப்போது திண்டிவனத்தில் பஞ்சர் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஓர் எருமை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"தெரியுது மேடம். லெப்ட்டு சைடுல கூடவே வந்துக்கினு இருக்குது" என்று சொல்லிவிட்டார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. அந்தக் குரலிடம் போய் எருமையைச் சொல்ல மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ட்ரிப்புக்கு ட்ரிப் கடல் வளர்ந்தது. கோவளம் தாண்டி ஒரு வளைவு, அங்கே அலை எகிறி வந்து கண்ணாடியில் அடிக்கும், வைப்பர் போட்டால்தான் வண்டி நகரும் என்றார். கல்பாக்கத்துக்கு அப்பால் மூன்று கிலோமீட்டருக்குத் தென்னைமரங்கள் இரண்டு பக்கமும் சாய்ந்து பந்தல் போட்டிருக்கும், பட்டப்பகலிலேயே லைட் போட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்றார். மரக்காணத்துக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீருக்குள்ளேயே கால் நட்டு நிற்கிறது ஒரு டீக்கடை. கடைக்காரர் பெயர் அந்தோணி, பழைய கப்பல்காரர், இறால் வடையை வாளியில் வைத்துக் கயிறு வழியாகக் கரைக்கு அனுப்புவார். இத்தனைக்கும் கம்பி லோடு வண்டி நாலுவழிச் சாலையில்தான் போக வேண்டும், கடற்கரைச் சாலைப் பக்கம் திரும்பவே கூடாது என்பது லாரி முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. பாக்கியராஜ் அந்தச் சாலையில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டியதில்லை.

அந்த முதல் போனுக்கு எட்டாவது மாதம் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. அவளை மெரினாவுக்குக் கூட்டிப்போனார், பழவேற்காட்டில் படகில் ஏற்றினார். அந்தச் சாலைக்கு மட்டும் கூட்டிப்போகவில்லை. ஒரு வருஷம் லோடு இருந்தது, ஒரு வருஷம் புயல் வந்தது, பிறகு மகளுக்குப் பரீட்சை. மூன்று வருஷத்துக்கு முன்னால் முதுகுவலி வந்து லாரியை விட்டுவிட்டு அதே ஆலையின் கேட்டில் செக்யூரிட்டியாக உட்கார்ந்தார். அந்த முதுகும் இரண்டு வருஷம் சாக்காக உதவியது.

இந்த வருஷம் சாக்கு எதுவும் மிச்சமில்லை. மகள் நர்சிங் படிக்க வேலூருக்குப் போய்விட்டாள். ஆயுத பூஜையோடு சனி ஞாயிறும் ஒட்டிக்கொண்டு வந்ததால் ஆலைக்கு நாலு நாள் லீவு. வெயில் தணிந்து, அடைமழை இன்னும் பிடிக்காத இந்தப் பத்து நாளைத் தவறவிட்டால் அப்புறம் தை மாதம்தான் என்று சோனியா சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்கவில்லை. டெஸ்பாட்ச் ஷீட் மாதிரியே ஒரு தாளில் கட்டம் போட்டாள். நேரம், ஊர், கிலோமீட்டர், கடைசியில் 'பார்க்க வேண்டியது' என்று ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்தில் வைப்பர் வளைவு, தென்னம்பந்தல், அந்தோணி டீக்கடை என்று அவர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதினாள். ஒரு வார்த்தைகூட மறக்காமல் வைத்திருக்கிறாளே என்று பாக்கியராஜ் அந்தத் தாளை இரண்டு தரம் படித்தார்.

அவள் திட்டுவாள் என்று அவர் பயப்படவில்லை. திட்டு அவருக்குப் பழக்கம். சோனியாவுக்கு அவள் வீட்டில் ஒரு ஸ்கூல் வாத்தியார் மாப்பிள்ளையைப் பேசி முடித்திருந்தார்கள். அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு லாரிக்காரரைக் கட்டிக்கொண்டவள் அவள். அந்தக் கடலை நம்பித்தான் வந்தாள். அது இல்லையென்று தெரிந்தால், இத்தனை வருஷம் யாரோடு குடித்தனம் நடத்தினோம் என்று ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டாளா? அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அவர் பயந்தார்.

மழை வரும் என்று டிவி சொன்னதாகச் சொல்லிப் பார்த்தார். அவள் டிவியைப் போட்டுக் காட்டினாள். பூஜை போட்ட வண்டியை அன்றைக்கு வெளியே எடுக்கக் கூடாது என்று, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனுஷன் சாஸ்திரம் பேசினார். அவள் பயணத்தை மறுநாள் விஜயதசமி காலைக்கு மாற்றி எழுதினாள். கடைசியில் குணாளனின் காரை வாடகைக்குப் பேசிவிட்டாள் என்று தெரிந்தபோது அவருக்கு நிஜமாகவே வியர்த்தது. குணாளன் அவருடைய லாரியில் ஆறு வருஷம் கிளீனராக இருந்தவன். எந்த ரோட்டில் போனார்கள், எந்த ரோட்டில் போகவில்லை என்று அவனுக்கு அத்தனையும் தெரியும்.

மறுநாளே அவனைப் பொன்னேரிக்குக் கூட்டிப்போய் மட்டன் பிரியாணி சொன்னார். அவன் புரட்டாசி விரதம். பிரியாணியை ஐப்பசிக்கு ஒத்திப்போட்டுவிட்டுத் தயிர்சாதம் வாங்கிச் சாப்பிட்டான். அவர் விஷயத்தைச் சொன்னதும் நிதானமாகக் கை கழுவிவிட்டு வந்தான்.

"நான் வாய தொறக்க மாட்டேண்ணா. ஆனா ரோடு சொல்லிடுமே, அத்த இன்னா பண்ணுவே?"

விஜயதசமி காலை டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கக் கார் கிளம்பியது. பாக்கியராஜ் முன்சீட்டில், சோனியா பின்சீட்டில் தாளும் பேனாவுமாக. வெயில் ஏறுவதற்குள் சென்னையைத் தாண்டிக் கோவளமும் வந்துவிட்டது. கடல் எங்கோ சவுக்குத் தோப்புக்கு அப்பால், தனக்கும் இந்த ரோட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோலக் கிடந்தது. ரோட்டோரம் முழுக்க ரிசார்ட் காம்பவுண்டுச் சுவர்கள். வளைவு என்று சொல்லத்தக்க ஒன்று வந்ததும் குணாளன் தன் பழைய டிரைவருக்காக ஒரு தர்மகாரியம் செய்தான். கண்ணாடியில் தண்ணீரைப் பீய்ச்சி, வைப்பரைப் போட்டான். பாக்கியராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் பேனா டிக் அடிக்கிற சத்தம் கேட்டது.

கல்பாக்கம் தாண்டி ஒரு வீட்டு வாசலில் இரண்டு தென்னைமரங்கள் நின்றன. குணாளன் லைட்டைப் போட்டு அணைத்தான். அதற்கும் ஒரு டிக் விழுந்தது.

மரக்காணம் இன்னும் பத்து கிலோமீட்டர் என்று பலகை வந்தது. டீக்கடையைக் குணாளனால் உண்டாக்க முடியாது. பாக்கியராஜ் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். இறங்கி, பின்கதவைத் திறந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்துப் பேசினார்.

"சோனியா, அந்தோணின்னு யாரும் கெடையாதுமே. டீக்கடையும் கெடையாது. இந்த ரோட்டுல நான் வந்ததே இல்ல. எல்லாம் நானா வுட்டது."

சோனியா பேனாவை மூடினாள்.

"நீ கடலு கடலுன்னு சொல்ல சொல்ல, போன்ல உன் பின்னாடி பஸ் கண்டக்டரு 'விழுப்புரம், விழுப்புரம்'னு கத்திக்கினு இருப்பான். எனக்கு இன்னா காது இல்லயா?"

பாக்கியராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்சீட்டில் குணாளன் ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின.

"அப்புறம் இன்னாத்துக்குமே என்னக் கட்டிக்கினே?"

சோனியா தாளை மடித்தபடியே சொன்னாள். அன்றைக்கு ஆபீசில் முப்பது லாரிக்கு போன் போடுவாளாம். முப்பது பேரும் பொய்தான் சொல்வார்களாம், எல்லாம் அவளிடமிருந்து தப்பிப்பதற்கான பொய். இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"எனக்குக் குடுக்கறதுக்குன்னு பொய் சொன்னவன் நீ ஒருத்தன்தான்யா. சரி, ஏறு. நெஜ ரோடு எப்டி கீதுன்னு ரெண்டு பேரும் பாக்கலாம்."

அவர் முன்சீட்டுக்குப் போகவில்லை. அவளைத் தள்ளி உட்காரச் சொல்லிப் பின்னாலேயே ஏறிக்கொண்டார். மனசு லேசாகிவிட்டது, கண் மட்டும் கரித்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மரக்காணத்தை நெருங்க நெருங்க நிலம் தட்டையாகி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நின்றது, வரப்போரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பாத்திகளின் கரையில் ஓலை வேய்ந்த மேடுகள் வரிசையாக இருந்தன. குடிசை மாதிரிதான் இருந்தன, ஆனால் ஒன்றுக்கும் வாசல் இல்லை. சோனியா அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"யோவ், இன்னாய்யா அது? உள்ள யாருனா கீறாங்களா?"

பாக்கியராஜுக்கு நாக்கு நுனியில் ஒரு கதை ரெடியாக வந்து நின்றது. கடல் காற்றுக்கு வாசல் வைக்காத ஜனங்கள், கூரையைத் தூக்கி உள்ளே இறங்குவார்கள் என்று அழகாகச் சொல்லலாம். அவள் கேட்கவும் செய்வாள். அவர் அவள் கண்களைப் பார்த்தார்.

"தெர்லமே" என்றார். ரோட்டு விஷயத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. "வா, எறங்கிப் போயி கேக்கலாம்."