சமையலறைக்குப் பலகைத் தரை

ஏற்காட்டில் ஒரு பழைய எஸ்டேட் பங்களா. அதன் முன்னறையில் என் மாமியார் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். என் கணவர் டீ டம்ளரோடு அவருக்குப் பின்னாலிருந்து வருகிறார். இவர் பக்கத்தில் போவதற்குள் அத்தை திரும்பிப் பார்த்துவிட்டார். வேறு குடும்பமாக இருந்தால் இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நாங்களோ அப்படியே நின்றுவிட்டோம். அத்தைக்குக் காது கேட்காது.

இளமை முழுக்கக் குமாரபாளையத்தில் விசைத்தறிப் பட்டறையில் நின்றவர் அவர். தறிச் சத்தத்தில் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார். பட்டறையில் எல்லோருமே அப்படித்தான் பேசிக்கொள்வார்களாம். எதிரே நின்று பேசினால் ஊர்வம்பு ஒன்றுகூட அவரிடம் தப்பாது. முதுகுப் பக்கம்தான் தொல்லை. காதில் மாட்டும் மிஷினும் வாங்கிக் கொடுத்தோம். மிக்ஸி ஓடும்போது மண்டைக்குள் தறி ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். சேலத்தில் எங்கள் வீட்டு அடுப்பு சுவரைப் பார்த்து இருக்கிறது, சமைப்பவரின் முதுகு வாசலுக்கு. ஒருநாள் அவர் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது இவர் பின்னால் போய்த் தோளைத் தொட்டார். பாசமாகத்தான் தொட்டார். அத்தை திடுக்கிட்டதில் கொதிக்கும் கஞ்சி முழுக்க அவருடைய பாதங்களில் கொட்டிவிட்டது.

இனி அம்மா அடுப்புப் பக்கமே போகக்கூடாது, சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று இவர் சொல்லிவிட்டார். அத்தை சண்டை போடவில்லை. கட்டுப் போட்ட கால்களை நீட்டி ஹாலில் உட்கார்ந்துகொண்டு சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தறியை விட்ட பிறகு அவருக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான். ரசத்தில் புளி தூக்கலாக இருக்கிறது என்று என்னைக் குறை சொல்லக்கூட அவருக்கு மனம் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புண் ஆறியதும் ஒரு மாறுதலுக்காகத்தான் ஏற்காடு போனோம். அங்கே தரை முழுக்க மரப்பலகை, அடியில் வெற்றிடம். இவருக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி மறுபடி பின்னால் போய்ப் பார்த்தார். அத்தை ஒவ்வொரு முறையும் திரும்பினார்.

“பலகை அதிருதுடா. நீ வாரது காலுக்குத் தெரியுது” என்றார். மலையிறங்கும்போது காரில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நம்மூட்டுச் சமையக்கட்டுலயும் இதையே போட்டுட்டா நாஞ் சமைக்கலாமல்ல சாமி?” என்று கேட்டார்.

சமையலறைக்கு மரத்தரை சரிப்படுமா என்று நாங்கள் கேட்காத ஆள் இல்லை. சொல்லிவைத்த மாதிரி எல்லோரும் சரிப்படாது என்றார்கள். தண்ணீர் பட்டால் உப்பும், எண்ணெய் சிந்தினால் கறை போகாது, கரையான் வரும். எங்கள் வீட்டு ஆண்கள் தண்ணீர் குடிக்க மட்டும் சமையலறைக்குள் வருகிறவர்கள். ஆனால் அதன் தரையைப் பற்றி ஆளுக்கு நான்கு அபிப்பிராயம் வைத்திருந்தார்கள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கடையில் மரம் மாதிரியே பளபளக்கும் தரையைக் காட்டினார்கள். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, என்னைப் பின்னால் நடக்கச் சொன்னார். நடந்தேன். அவர் திரும்பவே இல்லை. சிமெண்டோடு ஒட்டிய பலகை, கல்லைப் போலத்தான் இருந்திருக்கிறது. கடைக்காரர் அதன் விலையைச் சொல்லச் சொல்ல அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பிறகு வந்த ஆசாரி, கீழே சட்டம் அடித்து இடைவெளி விட்டால்தான் பலகை அதிரும், ஆனால் அந்த இடைவெளியில் கரப்பான் குடியிருக்கும், தரையில் தண்ணீரே ஊற்ற முடியாது என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது என்றுதான் இவர் நினைத்தார். நானும் தயங்கினேன். வெள்ளிக்கிழமை தவறாமல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, சீமாறால் தள்ளி, சமையலறையைக் கழுவிவிடுகிறவர் அத்தை. ஈரத்துணியால் துடைத்தால் அது சுத்தமே இல்லை என்று வாதாடுகிறவர். ஆசாரி சொன்னதை நான் உதட்டை அசைத்துச் சொன்னேன். அவர் காலால் தரையை ஒருமுறை தேய்த்துவிட்டுச் சொன்னார்:

“அழுக்கு இருந்தாத் தொடச்சுக்கலாஞ் சாமி. பொறத்தாண்ட யாரு நிக்கறாங்கன்னு தெரியாம நிக்கறது இருக்குதே, அதை என்ன பண்ணித் தொடைக்கறது?”

இவரே ஆசாரியை மறுபடி கூப்பிட்டார். பாத்திரம் கழுவும் பக்கத்தில் டைல்ஸ் அப்படியே இருக்கட்டும், வாசலிலிருந்து அடுப்பு வரைக்கும் மட்டும் பலகை என்று முடிவாயிற்று.

அது சரியான முடிவுதானா என்று இன்றைக்கு யாராவது கேட்டால், தரையாகப் பார்த்தால் தவறு என்றுதான் சொல்வேன். ஆசாரி சொன்ன கரப்பான்கள் சொன்னபடியே வந்தன. முதல் ஐப்பசி மழையிலேயே ஓரப் பலகை ஒன்று உப்பிக்கொண்டது. குக்கர் வைத்த வட்டம் இன்னும் போகவில்லை. ஆனால் அத்தை மறுபடி அடுப்பின் முன்னால் நின்றார். முதலில் யார் வந்தாலும் திரும்பிப் பார்த்தார். நாளடைவில் நடையை வைத்தே ஆளைக் கண்டுகொண்டு, திரும்பாமலே என்னிடம் உப்பை எடு என்பார். கடைசி வரைக்கும் அவர் சமையல்தான். என்னைக் குறை சொல்வதும் பழையபடி தொடங்கியது. அதற்காக நான் அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று கல்யாணமான புதிதில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

போன ஆடியில் அத்தை காலமானார். சமீபத்தில் ஆசாரி வேறு வேலையாக வந்தவர் பலகையைப் பார்த்துவிட்டு, இனி இதை எடுத்துவிட்டு டைல்ஸ் ஒட்டிவிடலாமே என்றார். இருக்கட்டும் என்று இவர் சொல்லிவிட்டார். இப்போது அந்த அடுப்பின் முன்னால் நான் நிற்கிறேன். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் இவர் வாசலில் ஒருமுறை பலகையை அழுத்தி மிதித்துவிட்டு, நான் திரும்பும்வரை நின்று, அதன் பிறகுதான் உள்ளே வருகிறார்.