ராசியில்லாத கை

சில்லறையைப் பலகை மேல் வைத்து, "எடுத்துக்கங்க" என்கிறாள் ஜிப்பக்கா. வந்தவர் நீட்டிய கை நீட்டியபடியே நிற்கிறது. அவர் முகம் சுளிப்பதை அவள் கண்டுகொள்வதில்லை; அடுத்த பையின் பல் போன ஜிப்பைப் பார்க்கக் குனிந்துவிடுகிறாள். மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடம். ஜிப், கைப்பிடி, சக்கரம் என்று பயணப்பைக்கு எந்த வியாதி வந்தாலும் எங்கள் தெருவில் அவள்தான் வைத்தியர். எதிர்க்கடையிலிருந்து இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், ஒரே ஒரு நாள் தவிர யார் கையிலும் அவள் காசு கொடுத்ததில்லை.

திமிர் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

அவளுடைய பாட்டி வீடு வீடாகத் துணி விற்றவளாம். காலையில் கிளம்பும்போது பேத்திகளில் ஒருத்தி கையால் ஒரு காசு வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். அந்தக் காசு மற்ற காசைக் கூட்டிக்கொண்டு வரும் என்பது அவள் நம்பிக்கை. இவள் கொடுத்த ஒருநாள், பாட்டி துணிமூட்டையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தாள். மறந்தது கிழவி, பழி சின்னப் பிள்ளையின் கைக்கு. "உனக்குக் கைராசி இல்லடி" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு தங்கையிடம் மட்டுமே வாங்கினாள்.

எனக்கு அந்தக் கிழவி மேல் இன்றைக்கும் ஆத்திரம். ஜிப்பக்காவுக்கு இல்லை. இவளுக்குக் காய்ச்சல் வந்தால் பாட்டி விடிய விடிய விசிறுவாளாம். இவளை அடித்த டீச்சரிடமே சண்டைக்குப் போனாளாம். "பாட்டிக்கு என் மேல உசுரு. ராசி இல்லாததுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க? நம்ம கையால அடுத்தவங்க பொழப்பு ஏன் கெடணும்?" என்று சிரிக்கிறாள்.

அவள் மகள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள். ஜிப் தைத்த காசில் படித்த பெண். மூக்குக்கண்ணாடிக் கடை வைக்கப்போவதாகச் சொன்ன அன்றே, "முதல் காசு உங்க கையாலதாம்மா வாங்குவேன்" என்றாள். அதற்கப்புறம் ஜிப்பக்காவின் நடையே மாறிவிட்டது. வங்கிக்குப் போய்ப் புது நோட்டு மாற்றி வந்தாள். கறுத்த நகங்களை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். திறப்புவிழாவுக்கு முந்தின நாள், என் பையைத் தைத்துக் கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையை என் உள்ளங்கையிலேயே வைத்தாள்.

கடையில் சின்னக் கூட்டம்தான். ஜிப்பக்காவின் அந்தத் தங்கையும் வந்திருந்தாள். மகள் இரண்டு கைகளாலும் அம்மாவிடம் நோட்டை வாங்கினாள், அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினோம். மகள் நோட்டைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு மேசைக்குப் பின்னால் போய்க் கல்லாவைத் திறந்து, "சித்தி, நீங்க குடுங்க" என்றாள்.

தங்கை முன்னால் வருவதற்காக, ஜிப்பக்கா தன் நாற்காலியை ஓரமாக இழுத்து வழிவிட்டாள்.