இடது பக்கம் மட்டும்

தர்மத்துக்காக பைக் ஓட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஓட்டுவதென்றால் ஓட்டிவிட்டுப் போ, கொடுப்பதென்றால் கொடுத்துவிட்டுப் போ. இரண்டையும் சேர்த்து, பந்தல் போட்டு, மைக் வைத்து எதற்குச் செய்ய வேண்டும்? என்னைத் தெரிந்தவர்கள், "நீயும்தானே போய் ஓட்டினாய்?" என்பார்கள். போனேன். போய்த்தான் வயிறெரிந்து திரும்பினேன்.

அப்போது நாங்கள் விம்கோ நகரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஹார்பரில் ஒப்பந்த வேலை. ஒருநாள் காலையில் வேலைக்குப் போகும்போது எண்ணூர் ரோட்டில் ஒரு டிரெய்லர் லாரிக்கு இடது பக்கமாக பைக்கை நுழைத்தார். எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம் அது. கன்டெய்னர் இழுத்துப் போகிற வண்டி இடது பக்கம் திரும்புவதற்கு முன் தலையை வலது பக்கம் ஒதுக்கும். இடதில் தாராளமாக வழி விட்டதுபோலத் தெரியும். நம்பி உள்ளே போனால், பின்சக்கரங்கள் அந்த இடத்தையே வழித்துக்கொண்டு வரும். பிள்ளைகளுக்கு சைக்கிள் பழக்கும்போதே இதைச் சொல்லித்தான் பழக்குவார்கள். இவருக்கும் தெரியும். அன்றைக்கு நேரமாகிவிட்டதாம். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வண்டிக்குக் கண்ணாடி உடைந்ததோடு சரி.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் அந்த பைக்கை ஓட்டக் கற்றுக்கொண்டேன். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், வந்து இறங்கும் பெட்டிகளின் நம்பரைச் சரிபார்க்கும் வேலை கிடைத்திருந்தது. பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். உள்ளே போக ஷேர் ஆட்டோகூடக் கிடையாது. வண்டி இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை, வேலை இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரியாது. இதை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனாலும் அவருக்கு ஆகவில்லை.

"ஆம்பள வண்டிய நீ ஓட்டிக்கினு போற, நான் வாசல்ல குந்திகினு பாக்கறேன். ஏரியாவே சிரிக்கிது" என்பார்.

"சிரிக்கிறவன் எவனாவது வந்து அரிசி வாங்கிப் போட்டானா?" என்பேன்.

தினமும் இதே சண்டைதான். வண்டி அவர் பேரில் இருந்தது. கோபம் வந்தால், ராயபுரத்தில் ஒரு மெக்கானிக்குக்கு விற்றுவிடப் போவதாக மிரட்டுவார். நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தூங்கினேன்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு அவரைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். டோல்கேட் சிக்னலில் நிற்கும்போது, பக்கத்தில் எருமைக்கடா அளவு பைக்கில் வந்த ஒருவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி எங்களைப் பார்த்தார். என்னை, என் வீட்டுக்காரரை, அவர் மடியில் குறுக்கே கிடந்த ஊன்றுகோலை. பார்த்ததும் அந்த பைக்காரர் முகம் மலர்ந்ததே, அதை நான் மறக்கவில்லை. ஏதோ தேடிக்கொண்டிருந்த பொருள் கிடைத்த மாதிரி. ஓரமாக நிறுத்தச் சொல்லிப் பேசினார். ஊரின் தென்கோடியில் அவர்களுக்கு ஒரு பைக் கிளப் இருந்தது. செங்குன்றத்துக்கு அப்பால் ரேஸ் ஓட்டுகிற இடம் ஒன்றை ஒருநாள் வாடகைக்கு எடுத்து, எல்லோரும் ஓட்டி, வசூலாவதில் விபத்தில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து தரப்போகிறார்களாம். என் வீட்டுக்காரருக்கும் அன்றைக்கே அளவெடுப்பார்களாம். நானும் நாலு சுற்று ஓட்டினால் நன்றாக இருக்குமாம்.

"நார்த் மெட்ராஸ்லேர்ந்து ஒரு லேடி, அதுவும் இந்த நிலைமையில. பேப்பர்ல போடுவாங்க மேடம்" என்றார்.

என் வீட்டுக்காரருக்குக் கால் வேண்டும், நான் ஓட்டுவது வேண்டாம். இரண்டையும் பிரித்து வாங்க வழி இல்லை என்று தெரிந்ததும் ஒரு கண்டிஷன் போட்டார்.

"அத்தினி பேரு முன்னாடி என் மானத்த வாங்காம ஒயிங்கா ஓட்டிட்டு வந்தீன்னா வண்டி ஒன்கிட்டயே இருக்கட்டும். பேர்லயும் மாத்தி குட்துடறேன். இல்லாங்காட்டி மறுநாளே மெக்கானிக்காண்ட போய்டும். சொல்ட்டேன்."

அதற்காகத்தான் போனேன். தர்மத்துக்காக அல்ல.

ஞாயிற்றுக்கிழமை. பந்தலில் பஃப்ஸும் குளிர்பானமும் அடுக்கி வைத்திருந்தார்கள். கால் இழந்தவர்களை மட்டும் முன்வரிசையில், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்காரவைத்திருந்தார்கள். வெயிலும் அங்கேதான் அடித்தது. அளவெடுக்க ஒரு ஆள், படமெடுக்க நாலு ஆள். எனக்கு யாருடையதோ ஒரு தோல் ஜாக்கெட்டை மாட்டிவிட்டார்கள். முந்தையவரின் வியர்வை நாற்றம் அப்படியே இருந்தது. விழுந்தால் உடைந்து சிதறாமலிருக்க என் வண்டியின் விளக்குகள்மேல் டேப் ஒட்டினார்கள், கண்ணாடிகளைக் கழற்றினார்கள், ஹாரன் வயரையும் பிடுங்கினார்கள். கண்ணையும் காதையும் வாயையும் கட்டிவிட்டு ஓடு என்கிற மாதிரி இருந்தது.

பிறகு ஒரு பையன் பலகை வைத்து வகுப்பெடுத்தான்.

"யாரையாவது தாண்டணும்னா லெஃப்ட்ல மட்டும்தான். ரைட்ல போனா கொடி காட்டி வெளிய எடுத்துடுவோம்."

"ரைட்ல போனா இன்னா சார்?" என்று கேட்டேன். சிரிப்பு எழுந்தது. வளைவுகள் எல்லாம் வலது பக்கம் திரும்புகின்றன, முன்னால் போகிறவர் வலதில் ஒட்டி வருவார், அங்கே நீங்கள் நுழைந்தால் மோதிக்கொள்வீர்கள் என்று பொறுமையாகச் சொன்னான். சரியான காரணம்தான். என் புத்திக்கு விளங்கியது. கைக்கு விளங்க வேண்டுமே!

முதல் சுற்று பயத்தில் போயிற்று. இரண்டாவது சுற்றில் எனக்கு முன்னால் ஒரு கனத்த மனிதர் வந்து மாட்டினார். வெளிநாட்டு வண்டி, புத்தம்புது உடை, ஆனால் ஓட்டுவதோ முதலிரவு மாப்பிள்ளை மாதிரி தயங்கித் தயங்கி. என் வண்டியே அவரைத் தாண்டிவிடும். இடது பக்கம் ரோடு காலியாகக் கிடந்தது. ஆக்சிலேட்டரைத் திருகுவேன், பக்கத்தில் நெருங்குவேன், உடனே கை தானாகத் தளரும். மறுபடி அவர் பின்னாலேயே போவேன். மற்றவர்கள் எல்லாம் சர் சர்ரென்று எங்கள் இருவரையும் தாண்டிப் போனார்கள்.

மைக்கில் இருந்தவனுக்கு அவல் கிடைத்தது. "நம்ம மேடம் சாமி ஊர்வலத்துக்குக் காவலா வர்றாங்க!" என்றான். பந்தல் முழுக்கச் சிரித்தது.

அடுத்த சுற்றில் பந்தலை நெருங்கும்போது என் வீட்டுக்காரர் எழுந்து, பாதையோரத் தடுப்பாக வைத்திருந்த டயர் அடுக்குவரை வந்திருந்தார். ஒரு கையில் ஊன்றுகோல். இன்னொரு கையை வீசி வீசிக் கத்தினார். முகம் சிவந்திருந்தது.

"லெப்ட்ல கீதுடி வழி! பூந்து போடி! லெப்ட்ல பூந்து போ!"

யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பையன், மைக்குக்காரன், முன்னால் போன கனத்த மனிதரேகூட. இவர் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. நான் வண்டியை அப்படியே ஓரம்கட்டி உள்ளே கொண்டுவந்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவர் ஊன்றி ஊன்றி வேகமாக வந்தார்.

"இன்னாத்துக்கு நிறுத்தன? அசிங்கமா கீது. அத்தினி பெரிய வழி, கண்ணு தெர்ல?"

"ஒனக்குக்கூட அன்னிக்கி பெரிய வழிதான் தெரிஞ்சிது."

அவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "நாளைக்கி வண்டி மெக்கானிக்காண்ட போவுது. முட்ஞ்சிபோச்சி" என்றார். கிளப்காரர் ஓடிவந்து, இருவரும் வண்டியோடு சேர்ந்து நின்றால் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். எடுத்தார்கள். அந்தப் படத்தில் எங்களைப் பார்த்து யாராவது உருகியிருந்தால் அவர்கள் கண்ணில் கோளாறு.

கண்ணாடியும் ஹாரனும் மாட்டிக்கொண்டு கிளம்பினோம். மாதவரம் தாண்டினோம். நாளையிலிருந்து யார்டுக்கு எப்படிப் போவேன் என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். மணலி ரோட்டில் வழக்கம்போல டிரெய்லர் வரிசை. எங்களுக்கு முன்னால் போன ஒன்று, ஏதோ யார்டுக்குள் திரும்புவதற்காக மெதுவாகத் தலையை வலது பக்கம் ஒதுக்கியது. இடதில் வழி விரிந்தது.

நான் ஹேண்டிலை லேசாக இடது பக்கம் சாய்த்தேன். வேண்டுமென்றேதான் செய்தேன்.

அவருடைய பத்து விரலும் என் விலாவில் இறங்கின. "ரைட்டு... ரைட்டுமே! வேணாம்மே, வேணாம்!" குரல் கிழிந்துபோயிருந்தது.

பிரேக் போட்டு ஓரமாக நிறுத்தினேன். டிரெய்லர் பின்சக்கரங்களை இழுத்துக்கொண்டு, அந்த வழியைப் பூராவும் மூடித் திரும்பி உள்ளே போயிற்று.

"லெப்ட்ல வழி இருந்துச்சே. கத்துனியே காலைல, பூந்து போன்னு?"

"அது வேறமே."

"இன்னா வேற? அப்ப பின்னாடி நீ குந்தல. அதான வேற?"

அவர் என் விலாவிலிருந்து கையை எடுக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அத்தனை பேர் சிரித்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. நான் அடிபட்டாலும் பரவாயில்லை, தன் பேர் கெடக்கூடாது என்று நினைத்த மனிதரை முதுகில் சுமந்துகொண்டு போகிறேனே என்றுதான் இருந்தது.

சாவியை உருவி அவர் பக்கம் நீட்டினேன்.

"மெக்கானிக்கிட்ட குட்க்கணும்ன இல்ல? இந்தா. எறங்கி, நடந்து போய் வித்துட்டு வா."

கால் இல்லாதவரிடம் சொல்லக்கூடாத வார்த்தை என்று, கேள்விப்பட்ட எங்கள் தெருக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அவர் சாவியைத் தொடவில்லை. இறங்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து நானே வண்டியைக் கிளப்பினேன். மறுநாள் காலை அதே வண்டியில் யார்டுக்கு வேலைக்குப் போனேன். விற்கிற பேச்சு அதோடு நின்றது. புருஷன் பெண்சாதியாக நாங்கள் பேசிக்கொள்வதும் ரொம்ப நாளைக்கு நின்றுதான் போயிருந்தது.