லெட்சுமி பேர்ல வந்த சாட்சி

டூர் கைட் வேலைங்கிறது, வெயில்ல நடந்துகிட்டே செத்தவங்கள பேச வைக்கிற பொழப்பு. கஸ்டமர் முன்னாடி பல்ல காட்டிப் பொழைக்கிறவங்க அத்தன பேரும் எனக்குச் சொந்தக்காரங்கதான், அதனால உங்ககிட்ட மனசு விட்டுச் சொல்றேன்.

ஜட்ஜும் நானே, பொணமும் நானே

நம்ம ஜார்ஜ்டவுன் லெபோ பாசார் தெருவுல ஒரு பழைய அரிசிக்கட. சண்ட முடிஞ்சு ஜப்பான்காரன் போன புதுசுல, பட்டப்பகல்ல, அந்தக் கட முதலாளிய எவனோ குத்திட்டு ஓடிட்டான். கடையில மூட்ட தூக்குன ரெங்கசாமியப் புடிச்சுட்டாங்க. தூக்குதான்னு ஊரே பேசுது. அப்ப பக்கத்து மசாலா மில்லுல வேல செஞ்ச லெட்சுமி கோர்ட்டுக்கு வந்து, ஓடுனவன் மூஞ்சிய நேராப் பாத்தேன், இவரு இல்லன்னு சொல்லிட்டா. ரெங்கசாமி வீட்டுக்கு வந்துட்டாரு.

இத அந்தக் கட வாசல் நடபாத, அந்த அஞ்சடியிலயே நின்னு நடிச்சுக் காட்டுவேன். ஜட்ஜுக்குத் தொப்பையத் தள்ளுவேன், லாயருக்கு மூக்கால பேசுவேன். லெட்சுமிக்கு மட்டும் முந்தானையக் கடிச்சுகிட்டு நடுங்குற கொரலு. ஒரு தடவ ஈப்போவுலேருந்து வந்த அக்கா கண்ணு கலங்கப் பாத்துகிட்டே இருந்தாங்க. எனக்கு நெஞ்சு ஒரு சுத்து பெருசாயிடுச்சு. முடிஞ்சதும் கிட்ட வந்து மெதுவாக் கேட்டாங்க: "எல்லாம் நல்லா இருக்கு தம்பி, டாய்லெட் எங்க இருக்கு?"

லாயர் ஐயா போட்ட குண்டு

ரிட்டையர் ஆன லாயர் ஒருத்தரு ஒரு நாள் கூட்டத்துல வந்தாரு. நான் மூக்கால பேசும்போதே அவரு மூஞ்சி சரியில்ல. கடைசியில தொண்டையச் செருமிகிட்டு, "அந்த லெட்சுமி கேசுக்கு முன்னாடியே காய்ச்சல்ல செத்துப்போனவ. எங்க அப்பா காலத்து லாயருங்க எல்லாருக்கும் தெரியும். கோர்ட்டுல நின்னது எவளோ, காசு குடுத்துக் கூட்டிட்டு வந்த சாட்சி"ன்னுட்டாரு. தெருவே காத நீட்டுச்சு.

எதுத்தாப்புல பூக்கட வச்சிருக்குற மணியம் அண்ணே அந்த ரெங்கசாமியோட மகன். எழுபது தாண்டினவரு. நான் கதைய ஆரம்பிச்சாலே உள்ள போயிடுவாரு, ஒரு நாளும் நின்னு கேட்டதில்ல. அன்னிக்குப் பாத்து வெளிய ஒக்காந்து மல்லி தொடுத்துகிட்டு இருந்தாரு. கை அப்படியே நின்னுடுச்சு. கூட்டம் கலைஞ்சதும் என்னைக் கூப்புட்டாரு: "வந்தவ பொய்ச் சாட்சின்னா, எங்கப்பா கொலகாரன்னுதானே தம்பி அர்த்தம்?"

கொல இல்லாத டூரு

அதுக்கப்புறம் அந்தக் கதையச் சொல்ல எனக்கு வாய் வரல. அரிசிக்கடைய வேக வேகமாத் தாண்டி, கோயில் கோபுரத்தக் காட்டி, தே தாரிக் டீ ஆத்துறவரு மாதிரி நடிச்சு சமாளிச்சேன். டூருக்கு ஆள் சேத்துக் குடுக்குற தேவி கடுப்பாயிட்டா. வந்தவங்க கொலையப் பாக்கத்தான் வந்தாங்களாம், கோபுரத்த இல்லையாம்.

நாலாவது தடவ தாண்டிப் போறப்ப மணியம் அண்ணே கையப் புடிச்சு நிறுத்துனாரு. திட்டப்போறாருன்னு நெனச்சேன். சொன்னது இதுதான்: "நீ வாய மூடிட்டா நீயும் சந்தேகப்படுறேன்னு ஆயிடும்லா, நடத்து."

ஆயர் ஈத்தாம் அக்கா

நடத்துனேன். லெட்சுமியா நடுங்குனேன். கூட்டத்துல ஒரு அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. பேரு சரோஜா, ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டுலேருந்து மருமகளோட வந்தவங்க. "யாரப்பா இது, பூனைக்குட்டியா? எங்கம்மா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல"ன்னாங்க. எனக்கு அடுத்த டயலாக் மறந்துபோச்சு.

அப்புறம் அவங்களே வெவரம் சொன்னாங்க. லெட்சுமி செத்தது நெஜம்தான். மில்லு வேல கைய விட்டுப் போயிடக்கூடாதுன்னு தங்கச்சி அன்னம்மா, செத்த அக்கா பேர்லயே வேலைக்குப் போயிட்டாங்க. அப்ப நெறைய பேரு அப்படித்தான். அந்த அன்னம்மாதான் சரோஜா அக்காவோட அம்மா. "சரி, எப்படித்தான் பேசுவாங்க?"ன்னேன். அக்கா இடுப்புல கைய வச்சு, "இவரு இல்லீங்கய்யா!"ன்னு ஒரு கத்து கத்துனாங்க. அஞ்சடிப் புறா மொத்தமும் பறந்துருச்சு. மெஷின் ஓடுற மில்லுல அப்படிக் கத்துனாத்தான் காதுல விழுமாம். அம்மாவுக்கு வீட்டுலயும் அதே கொரலாம்.

மணியம் அண்ணே பூச்சரத்தோட செருப்பில்லாம ரோட்டத் தாண்டி ஓடி வந்தாரு. "எங்கப்பா வீட்டுல சொல்லிகிட்டே இருப்பாரு. அந்தம்மா வாயத் தொறந்ததும் ஜட்ஜு காதப் பொத்திகிட்டாராம். மில்லுக்காரி மாதிரி கத்தாதேன்னாராம்." அப்ப கூட்டிட்டு வந்த ஆளு இல்ல, பக்கத்து மில்லுல நெஜமாவே வேல செஞ்சவங்கதான் கூண்டுல நின்னிருக்காங்க. அண்ணே கண்ணத் தொடச்சுகிட்டு, கையில இருந்த சரத்த அப்படியே அக்காகிட்ட குடுத்துட்டாரு.

பேரு பொய்யின்னு தெரிஞ்சா அந்தம்மாவுக்கு வேலையும் போயிருக்கும், ஜெயிலும் கெடச்சிருக்கும். முன்னப்பின்ன பழகாத ஆளுக்காகப் போய் நின்னிருக்காங்க. பயமே இல்லையான்னு கேட்டேன். சரோஜா அக்கா பூவத் தலையில வச்சுகிட்டே சொன்னாங்க: "நாங்களும் கேட்டோம் தம்பி. 'பேருதான் எங்கக்காவோடது, பாத்த கண்ணு என்னோடது'ன்னாங்க."

இப்பெல்லாம் அந்தக் கொரல்லயே கத்துறேன். அந்தம்மா ஒரு தடவ கத்தி ஒரு உசுரக் காப்பாத்துனாங்க, நான் தெனம் கத்தி தொண்ட மிட்டாய் விக்கிறவரு பொழப்பத்தான் காப்பாத்துறேன்.