இருபது கட்டமும் ஒரு கயிறும்

போன வருடம் தை மாதம், பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் ஊரில் நடந்தது இது.

எங்கள் ஊரில் நினைத்த இடத்தில் இறால் வலை கட்டிவிட முடியாது. இருப்பது மூன்று இடங்கள். எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று முறை உண்டு, பாடு என்போம். ஒரு குடும்பத்துக்கு முறை வர இரண்டு வாரமாவது ஆகும். ஒரே இடத்துக்கு இரண்டு பேர் மல்லுக்கு நின்றால் அன்றைக்கு இருவருமே அங்கே வலை கட்டக்கூடாது. முறை போனது போனதுதான்.

நான் சென்னையில் சி மொழியில் நிரல் எழுதுகிறவள். லீவில் வந்தவள் சும்மா இருக்காமல், முறைப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். மேலே 1, 2, 3 என்று இடங்களின் எண். கீழே நாள்வாரியாகப் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் இருபது எழுத்து அகலம், அதாவது இருபது கட்டம். ஆங்கிலப் பெயர்களைப் போட்டுச் சோதித்தபோது நூல் பிடித்தாற்போல் நின்றது. அப்புறம் தமிழ்ப் பெயர்களை ஏற்றி, திரும்பிக்கூடப் பார்க்காமல் அச்சடித்து, வலைக் கொட்டகையில் ஒட்டிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும், வலை கட்டப் போயிருந்த அண்ணன் போன் செய்தான்.

"இன்னாமே எழுதி வெச்சிருக்க? ரெண்டாவது எடத்துல ரெண்டு படகு நிக்குது!"

அந்த இடம் கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான். லேப்டாப்போடு ஓடினேன். வழியில் பட்டியலைப் பார்த்ததுமே தப்பு புரிந்தது. ஆங்கில எழுத்தைச் சேமிக்கக் கம்ப்யூட்டருக்கு ஒரு பைட் போதும்; தமிழில் ஓர் எழுத்துக்குக் குறைந்தது மூன்று பைட். என் நிரல் பைட்டை எண்ணி அதையே கட்டம் என்று நினைத்துக்கொண்டது. அதனால் போதிய இடைவெளி விடாமல் பெயர்களை இடப்பக்கம் இழுத்துவிட்டது. மூன்றின் கீழ் நிற்க வேண்டிய அண்ணன் பெயர் இரண்டின் கீழ் நின்றது. இரண்டாம் இடத்துக்காரர் பெயர் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே தொங்கியது. ஒன்றின் கீழ் வேறு பெயர் இருந்ததால், அவர் சரியாகவே இரண்டுக்கு வந்திருந்தார்.

"தப்பு என்னுதுதாண்ணா, எங்க அண்ணனுக்கு மூணாவது எடம்" என்று கரையிலிருந்தே கத்தினேன். ஆனால் ஏரி நீர் கடல் பக்கம் வடியத் தொடங்குவதற்குள் வலை கட்டியாக வேண்டும். துடுப்புப் போட்டு மூன்றாம் இடத்துக்குப் போனால் நேரம் தாண்டிவிடும். அண்ணன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

இரண்டாம் இடத்துக்காரர் திட்டுவார் என்று நின்றேன். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார்.

"படிச்ச புள்ளைக்கு நேரா எழுத வரல பாரு! இன்னா மச்சான் வேடிக்க பாக்குற? புடி கயித்த!"

அவர் படகில் இன்ஜின் இருந்தது. தன் வலையைத் தொடாமல் அப்படியே போட்டுவிட்டு, அண்ணன் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து அவர் வலை கட்டி முடிக்கவும் நீர் வடியத் தொடங்கவும் சரியாக இருந்தது. இரண்டு படகுக்கும் அன்றைக்கு நல்ல இறால். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று மதியம் படகை இழுத்துப் போனவர் வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. பைட்டை விட்டுவிட்டு, எழுத்து கண்ணுக்கு எவ்வளவு அகலம் என்று பார்க்கும்படி நிரலைத் திருத்திக்கொண்டிருந்தேன். புள்ளிக்குத் தனி இடம் வேண்டாம். 'ணை' மாதிரி எழுத்துக்கோ ஒரு கட்டம் போதாது. தலையைப் பிய்த்துக்கொண்டேன். இறால் உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி கேட்டார்:

"ஏன் தங்கச்சி இந்தப் பாடு? பேரு பக்கத்துலயே எடத்து நம்பரப் போட்டுட்டா ஆச்சு இல்ல?"

ஆச்சுதான்! இப்போது எங்கள் ஊர்ப் பட்டியலில் வரிசையும் நேராக இருக்கிறது, பெயருக்குப் பக்கத்தில் நம்பரும் இருக்கிறது.

ஆபீசில் எதை அச்சுக்கு அனுப்பினாலும் இப்போதெல்லாம் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுகிறேன். என் தவறுக்காக இன்னொருவர் தன் வலையை ஓரமாகப் போட்டுவிட்டுக் கயிறு வீச வேண்டி வந்ததே, அதை மறக்க முடியுமா?